பின்னாலிருந்து இடித்து ஜெயிப்பது: ரிச்மண்ட் கடைசிச் சுற்று

ஆகஸ்ட் 12, 2024, காலை

கோயம்புத்தூரிலிருந்து ஃபார்முலா ஒன் பைத்தியமான ஒரு தம்பியின் கேள்வி, நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரைப் பற்றி. அப்படியே போடுகிறேன்: "அண்ணா, ரிச்மண்ட் நாஸ்கார் ரேஸின் கடைசிச் சுற்றைப் பார்த்தேன். ஒருத்தர் முன்னால் போகிறவரை இடித்துச் சுழற்றிவிட்டு, அடுத்து வந்தவரைச் சுவரில் செருகிவிட்டு ஜெயிக்கிறார். கோப்பையும் கொடுக்கிறார்கள். சில்வர்ஸ்டோனில் சக்கரம் பட்டதற்கே ஹாமில்டனுக்கு 10 விநாடி தண்டனை. இது ரேஸா, இல்லை டவுன் பஸ் போட்டியா?"

முதலில் சில்வர்ஸ்டோன், உங்கள் ஃபார்முலா ஒன் ரேஸ். 2021இல் அந்த 10 விநாடியை அனுபவித்துவிட்டு ஹாமில்டன் அந்த ரேஸை ஜெயிக்கவும் செய்தார். வெர்ஸ்டாப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 1990இல் சுஸுகாவின் முதல் வளைவிலேயே சென்னா புரோஸ்டை இடித்து வெளியே தள்ளி சாம்பியன் ஆனார். வேண்டுமென்றே செய்ததுதான் என்று அடுத்த வருடம் அவரே ஒத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் எலி இருக்கிறது தம்பி.

சரி, ரிச்மண்ட். முக்கால் மைல் ஓவல், அதாவது முட்டை வடிவ டிராக். 3ஆம் எண் ஷெவர்லேயில் ஆஸ்டின் டில்லன், புள்ளிப் பட்டியலில் 32ஆவது இடம். இரண்டு சுற்று மிச்சமிருக்கும்போது நிம்மதியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஸ்டென்ஹவுஸும் பிரீஸும் மோதிக்கொண்டார்கள், மஞ்சள் கொடி, அதாவது எல்லாரும் மெதுவாக வரிசையில். மறுபடி கிளப்பியதில் ஜோயி லோகானோ முந்திவிட்டார். கடைசிச் சுற்று, மூன்றாவது வளைவு: டில்லன் லோகானோவின் முதுகில் போய் விழுந்தார். லோகானோ சுழன்றார். அந்த இடைவெளியில் டென்னி ஹாம்லின் நுழைந்தார். அவருக்கும் ஒன்று. டில்லன் முதலில் கோட்டைக் கடந்தார்.

எனக்கு இது தப்பாகப் படவில்லை. குட்டை ஓவலில் உள்பக்கத் தடம்தான் வழி. முன்னால் போகிறவர் அதைப் பிடித்துக்கொண்டால் நீ எவ்வளவு வேகமாக இருந்தாலும் போக இடம் கிடையாது. வளைவுக்குள் நுழையும்போது அவர் பின் பம்பரில் உன் முன் பம்பரை வைத்து ஒரு தட்டு. பின்சக்கரங்கள் ஒரு கணம் பிடி விடும், வண்டி மேல்பக்கம் நழுவும், கீழே நுழைந்துவிடலாம். இதற்குப் பம்ப் அண்ட் ரன் என்று பெயர். தட்டு வாங்கியவர் ஒரு இடம் இழப்பார், அடுத்த மாதம் திருப்பித் தருவார். நாஸ்காரின் பழைய ஜாம்பவான் டேல் அர்ன்ஹார்ட் இப்படித்தான் ஓட்டினார், ஜனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கபடியில் ஏன் தொட்டாய் என்று யாராவது கேட்பார்களா?

ஆகஸ்ட் 12, இரவு

காலையில் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து நிதானமாக, ஹாம்லின் கார் கேமராவோடு சேர்த்து ஏழெட்டு முறை பார்த்தேன்.

லோகானோவை இடித்தது ஒரு ரகம். ஹாம்லினை இடித்தது வேறு ரகம். இரண்டையும் ஒரே மூச்சில் பம்ப் அண்ட் ரன் என்று எழுதியது என் சோம்பேறித்தனம்.

ஓவலில் வண்டிகள் எப்போதும் இடப்பக்கமே திரும்புகின்றன. வெளிச்சுவர் வலப்பக்கம். முன்னால் போகிறவரின் இடது பின்மூலையில் தட்டினால் வால் வலப்பக்கம் போகும், மூக்கு உள்பக்கம் திரும்பும், பெரும்பாலும் கீழே புல்வெளிப் பக்கம் சுழன்று நிற்பார். வலது பின்மூலையில் தட்டினால் எல்லாம் தலைகீழ்: மூக்கு வலப்பக்கம் திரும்பி, வேகம் குறையாமல், நேராகச் சுவரில். ரைட் ரியர் ஹூக் என்பார்கள். ஓட்டுபவர் கையில் ஸ்டீயரிங் இருக்கும், அவ்வளவுதான்.

ஹாம்லின் உள்பக்கமாக முந்தும்போது டில்லன் இடப்பக்கம் இறங்கி அவருடைய வலது பின்மூலையைத்தான் பிடித்தார். 2022 லாஸ் வேகஸில் பப்பா வாலஸ் கைல் லார்சனை இப்படிச் செய்து ஒரு ரேஸ் தடை வாங்கினார். 2023இல் சார்லட்டில் சேஸ் எலியட் இதே ஹாம்லினை இப்படிச் செய்தார், அவருக்கும் ஒரு ரேஸ். ஆக, இடிக்கலாமா என்பது பாதிக் கேள்விதான். எந்த மூலையில் என்பது மீதி.

ஆகஸ்ட் 13, 2024

தம்பி மறுபடி கேட்கிறான்: டில்லன் ரேடியோவில் கத்தியது யார்? ஸ்பாட்டர். மைதானத்தின் உச்சியில் நின்று, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் காதில் சொல்லிக்கொண்டே இருப்பவர். உனக்குப் புரியும்படி சொன்னால், கண்டக்டர். சின்ன வயசில் பொள்ளாச்சி ரோட்டில் தனியார் பஸ்ஸில் போயிருக்கிறேன். பின்படியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்து, "வர்றான் வர்றான், விடாதீங்கண்ணே" என்று விசிலோடு குரல் கொடுப்பார். அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் பத்து டிக்கெட்டுக்காக நாங்கள் ஐம்பது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடுவோம். டவுன் பஸ் என்று நீ கிண்டலாகச் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

அந்த ஸ்பாட்டர் கத்தியது, "அவனை அடித்து நொறுக்கு" என்கிற அர்த்தத்தில் இரண்டே ஆங்கிலச் சொல். ரேடியோ எல்லாம் பதிவாகும் என்று தெரிந்தும் கத்தினார்.

கோயம்புத்தூர் என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2010 மார்ச்சில் நாஸ்கார் டிரக் சீரிஸில் முதல் ரேஸ் ஓட்டியதே மார்ட்டின்ஸ்வில்லில்தான். அரை மைல் சொச்சம் நீளமுள்ள டிராக், அங்கே இடிபடாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. உரசினாலே முன்சிறகு உடைகிற வண்டிகளில் பழகிய மனுஷன், 13ஆவதாக முடித்தார். அந்த வருடம் டிரக் சீரிஸின் 'மிகப் பிரபல ஓட்டுநர்' விருதும் அவருக்கே. ரசிகர் வாக்கு. நான் ஒன்றுக்கு மேல் போட்டேன், நேர்மையைப் பற்றி எழுதும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 14, 2024

தீர்ப்பு வந்துவிட்டது. வெற்றி டில்லனுக்கே. ஆனால் அந்த வெற்றியால், வருடக் கடைசியில் சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃபுக்குள் நுழைய முடியாது. 25 புள்ளி வெட்டு. ஸ்பாட்டருக்கு மூன்று ரேஸ் தடை.

கோப்பை உன்னுடையது, கோப்பையின் பயன் உன்னுடையது இல்லை. கல்யாணம் செல்லும், சாப்பாடு கிடையாது என்கிற மாதிரி ஒரு தீர்ப்பு.

ஆகஸ்ட் 14, கொஞ்ச நேரம் கழித்து

லோகானோவுக்கும் 50,000 டாலர் அபராதம். ரேஸ் முடிந்ததும் வண்டிகள் வந்து நிற்கிற பிட் ரோட்டில், டில்லன் குடும்பத்தார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கோபத்தில் டயரைப் புகையப் புகையச் சுழற்றிக்கொண்டு கிளம்பினாராம். ஹாம்லினைச் சுவரில் ஏற்றியதற்கு டாலரில் அபராதமே இல்லை. விசித்திரம்தான், ஆனால் இதில் நாஸ்கார் பக்கம் நியாயம் இருக்கிறது. டிராக்குக்குள் இருப்பவர்கள் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள். பிட் ரோட்டில் நிற்கிற குழந்தை போடவில்லை.

ஆகஸ்ட் 16, 2024

அர்ன்ஹார்ட்டைக் கொண்டாடினார்கள் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். ஒரு பெரியவர் சுட்டிக்காட்டினார், சரிதான்.

1999 ஆகஸ்ட், பிரிஸ்டல், இரவு ரேஸ். கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் டெர்ரி லபான்டி முந்திவிட்டார். அடுத்த வளைவிலேயே அர்ன்ஹார்ட் தட்டினார், லபான்டி சுழன்றார், அர்ன்ஹார்ட் ஜெயித்தார். சுழற்றிவிட நினைக்கவில்லை, அவன் கூண்டைக் கொஞ்சம் குலுக்கிவிடத்தான் நினைத்தேன் என்றார். நாஸ்கார் வெற்றியைத் தொடவில்லை. ஆனால் அன்றைக்கு மைதானம் அவரை ஊளையிட்டது. அவருடைய கறுப்புச் சட்டையைப் போட்டிருந்தவர்களே ஊளையிட்டார்கள் என்று அங்கே இருந்தவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 25 வருடத்தில் ஊளை மறந்துவிட்டது, கூண்டு வசனம் மட்டும் டீஷர்ட்டில் இருக்கிறது. நானும் டீஷர்ட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

டில்லன் ஓட்டுவது அதே 3ஆம் எண், அதே ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணி. சில்ட்ரெஸ் டில்லனின் தாத்தா. அந்த எண்ணை உடம்பில் சுமந்துகொண்டு கடைசி வளைவுக்குள் போகிறவன் காதில் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 18, 2024

ஒன்றைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றி எழுதிக்கொண்டே போவது சரியில்லை.

2015 நவம்பர் 1, மார்ட்டின்ஸ்வில். சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரோட்டிப் போயிருந்தோம், நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும். கையில் அந்த ஊரின் புகழ்பெற்ற சிவப்புச் சாய ஹாட் டாக். காதில், ஓட்டுநர்களின் ரேடியோப் பேச்சைக் கேட்க வாடகைக்கு எடுத்த ஸ்கேனர். இரண்டு வாரம் முன்னால் கான்ஸஸில், சுற்றுகள் முடியப்போகிற நேரத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த மேட் கென்செத்தை லோகானோ தட்டிச் சுழற்றிவிட்டு ஜெயித்திருந்தார். கென்செத்துக்கு ஒரு வெற்றி இல்லாமல் பிளேஆஃபில் வழியில்லை. லோகானோவுக்கு அது தேவையே இல்லை, ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். பாடம் கற்பிக்க வேண்டும் என்று மைதானம் முழுக்கப் பேச்சு.

லோகானோ முன்னால். கென்செத் வேறொரு மோதலில் அடிபட்டு ஒன்பது சுற்று பின்தங்கி, ஒட்டுப்போட்ட வண்டியோடு ஊர்ந்துகொண்டிருந்தார். லோகானோ பக்கத்தில் வந்தார். முதல் வளைவு. கென்செத் பிரேக்கைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை, லோகானோவை அப்படியே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார்.

எழுந்து நின்று கத்தினேன். ஹாட் டாக் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. முன்வரிசையிலிருந்த முன்பின் தெரியாத ஒரு தாத்தா திரும்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஸ்கேனர் காதில் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். அதற்கு முன்னும் பின்னும் எந்த மைதானத்திலும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்த ரேஸை ஜெஃப் கார்டன் ஜெயித்தார், அவருடைய கடைசி வெற்றி, 93ஆவது. அந்தி இருட்டில் சின்னப் பையன் மாதிரிக் குதித்தார். அங்கே கோப்பையாக ஆளுயரக் கடிகாரம் தருவார்கள், அது அவருடைய ஒன்பதாவது கடிகாரம். இதே கார்டன்தான் 2012இல் ஃபீனிக்ஸில் கிளிண்ட் பாயருக்காகக் காத்திருந்து இடித்து, ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியவர். யாரும் அவரிடம் அதை அன்றைக்குக் கேட்கவில்லை. நானும்தான். கென்செத்துக்கு இரண்டு ரேஸ் தடை.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பேரும் அதையே பேசினோம். லோகானோவுக்கு அடிபட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படவில்லை. அது எங்களுக்கு மறுநாள் செய்தியில்தான் தெரியும்.

ஆகஸ்ட் 21, 2024

மேல்முறையீட்டில் ஸ்பாட்டரின் மூன்று ரேஸ் தடை ஒன்றாகக் குறைந்தது. மற்றதெல்லாம் அப்படியே.

வாயால் இடித்ததற்கு எவ்வளவு தண்டனை? எனக்கு ஸ்பாட்டர் மேல் கோபமே இல்லை. அன்றைக்கு மார்ட்டின்ஸ்வில்லில் என் கையில் ஒரு மைக் இருந்திருந்தால் நான் என்ன கத்தியிருப்பேன்?

ஆகஸ்ட் 25, 2024

அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு கோ-கார்ட் போனேன். 13 வயசு, இந்த ரிச்மண்ட் சமாச்சாரம் முழுவதும் அத்துப்படி. உள்ளரங்க டிராக், வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், இடித்தால் வெளியேற்றுவோம் என்று. கடைசிச் சுற்றின் ஹேர்பினில் என் பின்னால் வந்து அழகாக ஒரு தட்டு வைத்தான். நான் அகலமாகப் போனேன். உள்ளே நுழைந்து போய்விட்டான். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி. இறங்கியதும், "மாமா, பம்ப் அண்ட் ரன்!" என்றான். கொடி ஆட்டுகிற பையன் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டேன். கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொண்டது, வயசு.

இரண்டாவது ஆட்டத்தில் நான் அவன் பின்னால். திட்டம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் அவன் பிரேக் போட்டான், நான் போடவில்லை. பக்கவாட்டில் பிடித்து டயர்ச் சுவரில் ஏற்றிவிட்டேன். கறுப்பு டயர்கள் ஒரு அடி உள்ளே போய்த் திரும்பி வந்தன. ஹெல்மெட்டைக் கழற்றும்போது கொக்கி அவன் கைக்கு அகப்படவில்லை, விரல் நடுங்கியது. சிரித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அவன் இடித்தது ஒரு இடத்தைப் பிடிக்க. நான் இடித்தது அவனை. வேகத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, 2024

டில்லனின் இறுதி மேல்முறையீடும் தள்ளுபடி. முடிந்தது.

ஒருவர் அஷ்வினை இழுக்கிறார். 2019இல் ஜெய்ப்பூரில் பட்லரை நான்-ஸ்ட்ரைக்கர் முனையில் ரன் அவுட் ஆக்கியபோது விதிப்படி சரி, ஆனால் ஆட்டத்தின் மாண்பு என்று குதித்தார்களே, டில்லனுக்கும் அதே நியாயம்தானே என்கிறார். ஒத்துக்கொள்ள மாட்டேன். அஷ்வின் செய்தது விதிப் புத்தகத்தில் இருந்தது. 2022இல் அதை 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதியிலேயே சேர்த்துவிட்டார்கள். முக்கியமாக, பட்லர் நடந்து பெவிலியனுக்குப் போனார். யாரும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேன் என்றதும் கர்ட் புஷ். 2003 டார்லிங்டன்: அவரும் ரிக்கி கிரேவனும் கடைசி நேர்ப்பாதை முழுக்கக் கதவோடு கதவு உரசிக்கொண்டு, புகை பறக்க, கோட்டைக் கடந்தார்கள். கிரேவன் ஜெயித்தது 0.002 விநாடியில். இறங்கியதும் இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். இடித்துக்கொள்வதில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இரண்டு பேருமே கோட்டைக் கடந்தார்கள். அதே கர்ட் புஷ் 2022 போகோனோ தகுதிச் சுற்றில், யாருமே தொடாமல், பின்பக்கமாகச் சுவரில் மோதினார். மூளை அதிர்ச்சி. முழுநேர ஓட்டம் அதோடு முடிந்தது. யாரும் தொடாதபோதே இப்படி என்றால், தொடுகிறவன் கணக்குப் போட்டுத் தொடுகிறான் என்று நான் எப்படி நம்புவது?

நவம்பர் 6, 2024

இரண்டு மாதம் கழித்து இதைத் தூசி தட்டுகிறேன், ஏனென்றால் மார்ட்டின்ஸ்வில்லில் யாரும் யாரையும் இடிக்கவில்லை.

கடைசிச் சுற்றுகளில், பிளேஆஃபில் அடுத்த கட்டத்துக்குப் போக, வில்லியம் பைரனுக்கு ஒரு இடம்கூட இழக்க முடியாத நிலை. பின்னால் டில்லனும் ராஸ் சாஸ்டெயினும் பக்கத்துப் பக்கமாக, பைரனை முந்தாமல், மற்றவர்களை விடாமல், ஊர்வலம் போனார்கள். மூவரும் ஷெவர்லே. அந்தப் பக்கம் டொயோட்டாவில் வாலஸ் திடீரென்று மெதுவாகி, டொயோட்டாவின் கிறிஸ்டோஃபர் பெல்லுக்கு ஒரு இடம் விட்டுக்கொடுத்தார். மூன்று ஓட்டுநர்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், 50 புள்ளி வெட்டு. பெல் கடைசி வளைவில் சுவரோடு சாய்ந்து ஓட்டியதால் அவர் பிளேஆஃபுக்கு வெளியே. 2022இல் சாஸ்டெயின் இதே இடத்தில் சுவரில் தேய்த்துக்கொண்டே ஐந்து பேரை முந்தினாரே, அதற்குப் பிறகு வந்த தடை.

ஒரு கீறல் இல்லை, ஒரு மஞ்சள் கொடி இல்லை. நான் பார்த்ததிலேயே அசிங்கமான முடிவு இதுதான். ரிச்மண்டில் டில்லன் குறைந்தபட்சம் ஜெயிக்கப் பார்த்தார்.

(மறுநாள் சேர்த்தது: ஹாம்லின் சுவரில் மோதியதை மறந்துவிட்டு இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.)

ஏப்ரல் 3, 2025

மறுபடி மார்ட்டின்ஸ்வில், இந்தத் தடவை நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான எக்ஸ்ஃபினிட்டி ரேஸ். முதல் வெற்றிக்குச் சில நூறு அடி இருக்கும்போது டெய்லர் கிரேயை சாமி ஸ்மித் கடைசிச் சுற்றில் இடித்தார். தட்டி நழுவ வைக்கிற தூரத்திலேயே ஸ்மித் இல்லை, வெகு பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். இருவருமே போனார்கள், ஆஸ்டின் ஹில் ஜெயித்தார். ஸ்மித்துக்கு 50 புள்ளியும் 25,000 டாலரும் வெட்டு. அவர் ஓட்டிய அணி யாருடையது? டேல் அர்ன்ஹார்ட் ஜூனியருடையது. அப்பாவின் டீஷர்ட் வசனத்தை மகன் இந்த வாரம் எந்த மனநிலையில் படித்திருப்பாரோ.

மார்ச் தொடக்கத்தில் ஆஸ்டின் சிண்ட்ரிக் ரைட் ரியர் ஹூக் போட்டு 50 புள்ளி இழந்தார், தடை இல்லை. அது சாலை டிராக், வேகம் குறைவு. மூலை, வேகம், தூரம். போன ஆகஸ்டில் நான் மூலையோடு நிறுத்திவிட்டேன்.

தம்பிக்கு: ரிச்மண்டில் சுழற்றப்பட்ட லோகானோதான் நவம்பரில் சாம்பியன் ஆனார், மூன்றாவது முறை. கென்செத்தைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

செப்டம்பர் 14, 2025

அக்காவிடம் சொல்லிவிட்டேன். பையன் ஏற்கெனவே அன்று ராத்திரியே சொல்லிவிட்டானாம். ஒரு வருடமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் மார்ட்டின்ஸ்வில்லுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாலு சீட்டு, மூன்றாவது வளைவுக்கு நேர் மேலே. "நடுவுலயே இடம் இருந்துதே, ஏன் மாமா இங்க?" என்று கேட்டான். வெயில் முதுகுப் பக்கம் விழும் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.